அத்தை வீட்டு ஃபிரிட்ஜும் மாமாவின் ஸ்கூட்டரும்

குழு: நம்ம குடும்பம்

சனிக்கிழமை

அத்தை (காலை 9:40): எல்லாரும் பாருங்கள், ஃபிரிட்ஜை விற்க ஆன்லைனில் போட்டாயிற்று. 240 லிட்டர், டபுள் டோர், விலை 9,000. பக்கத்து வீட்டுப் பையன்தான் போட்டுக் கொடுத்தான். கோயம்புத்தூர் கிளம்புவதற்குள் போய்விட்டால் நிம்மதி.

அத்தை: (புகைப்படம்)

அத்தை: போட்ட கையோடு ஒருத்தர் கேட்டுவிட்டார். ராணுவத்தில் இருக்கிறாராம், ஆவடிக்கு மாற்றலாகி வருகிறாராம். பேரமே பேசவில்லை. பொருளைப் பார்க்கவும் வேண்டாமாம், கூட வேலை பார்க்கிறவர் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வாராம். அடையாள அட்டைகூட அனுப்பியிருக்கிறார்.

நான்: அத்தை, அவருக்கு இப்போது எந்தப் பதிலும் அனுப்ப வேண்டாம்.

அத்தை: ஏன் கண்ணு? பணம் இப்போதே அனுப்புகிறேன் என்கிறார். கட்டம் கட்டமாக ஒரு படம் வந்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் என் கணக்கில் 9,000 விழுமாம்.

அண்ணி: அத்தை, தொடவே தொடாதீர்கள்!! ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். எங்கள் வங்கிக் கிளைக்கு இதே கதையோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ராணுவம், மாற்றல், பார்க்காமலே வாங்குவது, அடையாள அட்டை, எல்லாம் அச்சு அசலாக இதேதான். அந்த அட்டை வேறு யாரோ ஒரு ஜவானுடையதாக இருக்கும்.

அண்ணி: முன்பு "பணம் கேட்கும்" கோரிக்கை அனுப்பி ஏமாற்றுவார்கள். தனிநபர்களுக்கிடையே அந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ நிறுத்திவிட்டது. உங்களுக்கு வந்த மாதிரி கட்டம் போட்ட க்யூஆர் படம் இன்னும் ஓடுகிறது. அடுத்து ஏதாவது ஆப் இறக்கச் சொல்வார்கள், திரையைக் காட்டச் சொல்வார்கள். எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

அத்தை: ஐயோ. அவ்வளவு மரியாதையாகப் பேசினாரே.

அண்ணன்: பிளாக் செய்யுங்கள் அத்தை. விளம்பரம் போட்ட இடத்திலும் ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அழுத்துங்கள். யாருக்காவது பணம் போயே விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இந்த எண்ணை எல்லாரும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்: அத்தை, இன்னொரு விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து கேஸ் பில் ஒட்டியிருக்கிறீர்கள். அதில் உங்கள் பெயர், கதவு எண், தெரு எல்லாமே படிக்க முடிகிறது. பக்கத்து ஆணியில் சாவிக்கொத்து தொங்குகிறது. பின்னால் அறைக்கதவு திறந்து பீரோ தெரிகிறது.

அத்தை: அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

நான்: பார்ப்பதற்கென்றே இருக்கிறார்கள். அதோடு கீழே என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். "ஊருக்குப் போவதால் அவசர விற்பனை. நான் மட்டும் இருப்பதால் காலையில் வரவும்." தனியாக ஒரு அம்மா இருக்கிறார், சீக்கிரமே வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது, சாவி இன்ன இடத்தில் இருக்கிறது. இத்தனையும் முகம் தெரியாத எல்லாருக்கும் போய்விட்டது.

அத்தான் (கோவை): அம்மா, முதலில் அதை எடுங்கள். கதவில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு ஃபிரிட்ஜ் மட்டும் தெரிகிற மாதிரி வேறு படம் போடுங்கள். "வில்லிவாக்கம்" என்று மட்டும் இருந்தால் போதும், தெரு வேண்டாம்.

அத்தை: சரிப்பா. பையனைக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறான்.

தம்பி: நல்லவேளை, இந்தப் பேச்சு வந்தது. நானும் இன்றைக்கு ராத்திரி செகண்ட் ஹேண்ட் போன் ஒன்று பார்க்கப் போகிறேன். புதிதாக வாங்கினால் 32,000. இவர் 11,000 சொல்கிறார். பாக்ஸ் இல்லையாம், பில் தொலைந்துவிட்டதாம். ஒன்பது மணிக்கு மதுரவாயல் பைபாஸ் பாலத்துக்குக் கீழே வரச் சொல்கிறார்.

அண்ணன்: என்ன?

அண்ணி: நீ ஹாஸ்டலை விட்டு நகராதே.

நான்: டேய், கையில் 11,000 பணத்தோடு, ராத்திரி ஒன்பது மணிக்கு, பாலத்துக்குக் கீழே, தனியாகவா? இதைச் சொல்லும்போது உனக்கே உறைக்கவில்லையா?

தம்பி: அவர் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் போவாராம்.

நான்: போகட்டும். நாளைக்குப் பகலில் கோயம்பேடு மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் பார்க்கலாம் என்று சொல்லிப் பார். வெளிச்சம் இருக்கும், கேமரா இருக்கும், ஆள் நடமாட்டம், செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். இல்லையென்றால் ஏதாவது மால் வாசல். இடத்தை நீதான் சொல்ல வேண்டும். நிஜமாக விற்க வருகிறவருக்கு இது ஒரு சிரமமே இல்லை.

அண்ணன்: போன் கையில் வந்ததும் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடி, ஐஎம்இஐ எண் வரும், அதுதான் அந்தப் போனின் அடையாள எண். கேஒய்எம் (KYM) என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. திருட்டுப் போன் என்று ஏற்கனவே முடக்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். ஆனால் நேற்று ராத்திரி பறித்துக்கொண்டு ஓடின போன் இன்னும் பட்டியலில் ஏறியிருக்காது, அதனால் பில் முக்கியம். பில்லில் இருக்கிற எண்ணும் திரையில் வருகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அண்ணன்: சட்டமும் தெரிந்துகொள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டத்தில் 317ஆவது பிரிவு. மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. பில் இல்லை, பாக்ஸ் இல்லை, மூன்றில் ஒரு பங்கு விலை, பாலத்துக்குக் கீழே. "எனக்குத் தெரியாது" என்று அப்புறம் எப்படிச் சொல்வாய்?

தம்பி: சரி அண்ணா. மெட்ரோ என்று சொல்லிக் கேட்கிறேன்.

நான்: ஒத்துக்கொண்டால் ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு போ. உன் சிம்மைப் போட்டு ஒரு போன் பேசிப் பார். அவருடைய கூகுள் கணக்கை உன் கண் முன்னாடி எடுத்து, ரீசெட் செய்து, மறுபடி திறந்து காட்டச் சொல். கணக்கு உள்ளேயே இருந்தால் போன் பூட்டிக்கொள்ளும், உன்னால் எதுவும் செய்ய முடியாது. பணத்தை யுபிஐயில் அங்கேயே அனுப்பு. யாருக்குக் கொடுத்தாய் என்பதற்குப் பெயரோடு ஒரு பதிவு இருக்கும். முன்கூட்டியே டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

(பிற்பகல் 3:15)

அத்தை: புதுப் படம் போட்டாயிற்று. இப்போது கொளத்தூரிலிருந்து ஒருத்தர் பேசினார். இவர் நேரில் பார்த்துத்தான் வாங்குவேன் என்கிறார். கம்ப்ரசர் மாற்றியதா, கேஸ் ஏற்றியதா என்றெல்லாம் கேட்டார். இன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு வரட்டுமா என்றார், சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்: கம்ப்ரசரைக் கேட்டாரென்றால் வாங்குகிற ஆள்தான் அத்தை. ஆனால் எட்டரை மணி வேண்டாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள், நானும் இவளும் பத்தரைக்கே வந்துவிடுகிறோம்.

அத்தை: வருகிறேன் என்றவரிடம் ஒத்துக்கொண்டுவிட்டு இப்போது எப்படி மாற்றுவது? தப்பாக நினைக்க மாட்டாரா?

நான்: நினைத்தால் நினைக்கட்டும் அத்தை. நமக்கு எப்போதும் இதுதான் தொந்தரவு. மனசுக்குச் சரியில்லை என்று தெரிந்தும், எதிராளி முகம் கோணிவிடக் கூடாதே என்று தலையாட்டிவிடுகிறோம். "அண்ணன் பையன் இருக்கும்போதுதான் காட்ட முடியும், நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். காரணம் கேட்டால்கூட விளக்க வேண்டாம்.

அத்தை: ஃபிரிட்ஜை வீதிக்கா கொண்டு வர முடியும்? உள்ளே விட்டுத்தானே ஆக வேண்டும். வந்தவரை வாசலோடு நிறுத்துவது நம் வீட்டில் என்றைக்கும் இல்லாத பழக்கம்.

அண்ணி: நாளைக்குக் காலையில் நாங்கள் வந்ததும் ஃபிரிட்ஜை உருட்டி ஹாலில் வாசல் பக்கமாக வைத்து ஓட விடுகிறோம். சின்ன ஃப்ரீசர் டப்பாவில் தண்ணீர் வைத்தால் உறைகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். அறைக்கதவுகளைச் சாத்திவிடலாம், சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வருகிறவருக்குக் காபி கொடுங்கள் அத்தை, தாராளமாக. முன்கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

நான்: வீட்டு லொகேஷனை முதலிலேயே அனுப்ப வேண்டாம். பஸ் ஸ்டாண்டு வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள், அண்ணன் போய்க் கூட்டி வரட்டும். ஆளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

அத்தை: கேட்டுவிட்டேன். மனைவியோடு வருகிறாராம். நாளைக்கே வருகிறோம் அம்மா என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான்: ❤️

சித்தப்பா (மாலை 6:50): கடையில் கூட்டம், இப்போதுதான் எல்லாம் படித்தேன். அக்கா, மாமா ஸ்கூட்டரை என்ன செய்யப் போகிறீர்கள்? அதையும் இதே மாதிரி போட்டுவிடாதீர்கள்.

அத்தை: அதையும் போடலாம் என்றுதான் இருந்தேன். அவர் போனதிலிருந்து சும்மாதானே நிற்கிறது.

சித்தப்பா: வேண்டாம். பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள். வண்டி விற்பதில் பெரிய ஆபத்தே ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதுதான். சாவியை வாங்கிக்கொண்டு போகிறவன் திரும்பி வர மாட்டான். கூட வந்த ஆள் இங்கேதானே நிற்கிறான் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். கடைசியில் பார்த்தால் அவனுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இருக்காது, வழியில் லிஃப்ட் கொடுத்துக் கூட்டி வந்த ஆளாக இருப்பான். பைக்கை விட்டுவிட்டுப் போனாலும் நம்பக் கூடாது, அந்த பைக்கே திருட்டு வண்டியாக இருக்கும். முழுப் பணமும் நம் கைக்கு வந்த பிறகுதான் சாவி தனியாகப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஓட்ட வேண்டுமென்றால் நம் ஆள் ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து, பகலில், நம் தெருவிலேயே ஒரு சுற்று. அவ்வளவுதான்.

சித்தப்பா: அடுத்தது பேப்பர். ஆர்சி, அதாவது வண்டிப் பதிவுச் சான்று, மாமா பெயரில் இருக்கிறது. முதலில் ஃபார்ம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்து வையுங்கள். அப்புறம் விற்கும்போது ஃபார்ம் 29, 30. வாங்குகிறவன் நம் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயரை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்துப் போவான். மாற்றவே மாட்டான். 2018இல் சுப்ரீம் கோர்ட் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கை மாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும், ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. முகம் தெரியாத எவனோ ஒருத்தன் போய் மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும் அக்கா.

அத்தை: இவ்வளவு இருக்கிறதா. நீயே வந்து பார்த்துக் கொடுத்துவிடு.

சித்தப்பா: வருகிறேன். விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டி வாசலைத் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் (காலை 11:50): ஃபிரிட்ஜ் போயாச்சு. 8,500க்கு முடித்தோம். கணவன், மனைவி, கைக்குழந்தை. நாம் பயந்த மாதிரியே அவர்களும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். "வீடு எப்படி இருக்குமோ என்று யோசித்தோம், அம்மாவைப் பார்த்ததும் சரியாகிவிட்டது" என்றார் அந்தப் பெண்.

அண்ணி: 5,000 யுபிஐ, மீதி கையில். அவர் "பணம் போய்விட்டது" என்று திரையைக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று சொல்லி, அத்தையின் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினேன். பணம் போனது போலவே காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன, எஸ்எம்எஸ்ஸையும் போலியாக அனுப்புகிறார்கள். வங்கிச் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. 500 நோட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன், நடுவில் இருக்கும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாறியது.

அத்தை: ரொம்ப நல்ல ஜனங்கள். உள்ளே ட்ரேயைத் துடைத்துக் கொடுத்தேன். நிமிர்த்தியே கொண்டு போங்கள், வீட்டில் இறக்கியதும் உடனே போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள் என்று லோடு ஆட்டோக்காரரிடமும் சொல்லி அனுப்பினேன்.

அத்தான் (கோவை): அப்பாடா. எல்லாருக்கும் நன்றி.

நான்: தம்பி, உன் போன் என்ன ஆயிற்று?

தம்பி: மெட்ரோவுக்கு வர முடியாது என்றார். வேறு ஆள் கேட்கிறார், உடனே பாலத்துக்கு வந்தால் 9,000க்குத் தருகிறேன் என்றார். பில் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

அண்ணன்: போகட்டும் விடு.

தம்பி: சீனியர் ஒருத்தர் தன் போனை விற்கிறார். பில், பாக்ஸ் எல்லாம் இருக்கிறது. 16,000. நாளைக்கு கேன்டீனில் பார்க்கிறேன்.

நான்: அவரிடமும் ஐஎம்இஐ பார். தெரிந்தவர் என்று விட்டுவிடாதே.

அத்தை: இன்னும் பீரோ, தேக்குக் கட்டில், மிக்ஸி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கின்றன. வெளியே போடுவதற்கு முன்னால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். யாருக்கு எது வேண்டும்?

அண்ணி: கட்டில் எங்களுக்கு அத்தை. சும்மா வேண்டாம், விலை சொல்லுங்கள்.

அத்தை: உன்னிடம் விலை பேச மாட்டேன். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள். கனமான கட்டில், தூக்க நாலு ஆள் வேண்டும்.

சித்தப்பா: நான் அன்றைக்கு ஸ்கூட்டருக்காக வருகிறேன், ஒரு கை பிடிக்கிறேன். அக்கா, ஆர்சியையும் இன்ஷூரன்ஸையும் படம் எடுத்து அனுப்புங்கள். குழுவில் வேண்டாம், எனக்குத் தனியாக.