சர் ராமகிருஷ்ணனா, சர் வெங்கியா?

பிழைதிருத்தி: விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனைப் பலர் 'சர் ராமகிருஷ்ணன்' என்று எழுதுகிறார்கள். தவறு. 2012 பிரிட்டிஷ் புத்தாண்டு விருதுப் பட்டியலில் அவருக்கு வந்தது நைட் பேச்சலர் என்ற 'சர்' பட்டம். பிரிட்டிஷ் மரபில் முழுப்பெயருக்கு முன்னால் 'சர்' வரும். சுருக்கினால் முதல் பெயர் மட்டும் மிஞ்சும். ஐசக் நியூட்டன் 'சர் ஐசக்' ஆவார், 'சர் நியூட்டன்' ஆக மாட்டார். கடைசிப் பெயர் மனைவியின் 'லேடி'க்குத்தான்.

வடகரை: குடும்பப் பெயர் உள்ள ஊர் வழக்கத்தை நம் தலையில் கட்டாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் இருவருமே சர். பொன்னம்பலம் அப்பா பெயர். உங்கள் கணக்கில் அண்ணனும் 'சர் பொன்னம்பலம்', தம்பியும் 'சர் பொன்னம்பலம்'. கூப்பிட்டால் யார் திரும்புவார்?

பிழைதிருத்தி: நல்ல அடி. ஆனால் அதே கணக்கில் உங்கள் 'சர் ராமகிருஷ்ணன்' விழுந்துவிடும். ராமகிருஷ்ணன் வெங்கியின் அப்பா பெயர். பட்டம் அவருக்குப் போய்விடும்! முன்னால் நிற்கும் பெயர் எது என்று பார்க்காமல், ஆளின் சொந்தப் பெயர் எது என்று பாருங்கள். 'சர் இராமநாதன்' சரி. சி.வி. ராமனில் சந்திரசேகரன்தான் அப்பா, ஆகவே 'சர் ராமன்' என்பதும் தமிழில் நிற்கும்.

கிளிஞ்சல்: பில் கேட்ஸ், ரத்தன் டாட்டாவுக்கும் 'சர்' போடுகிறார்களே?

பிழைதிருத்தி: கூடாது. கேட்ஸுக்கு 2005இல் கிடைத்தது கௌரவ கே.பி.இ., டாட்டாவுக்கு 2014இல் கௌரவ ஜி.பி.இ. இரண்டும் 'ஆர்டர் ஆஃப் த பிரிட்டிஷ் எம்பயர்' என்ற விருது வரிசையின் மேல் படிகள். பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொள்ளாத நாட்டுக் குடிமக்கள் எழுத்துகளைப் பெயருக்குப் பின் போடலாம், 'சர்' கிடையாது. வயலின் மேதை யெஹூதி மெனுஹினுக்கு 1965இலேயே கௌரவ கே.பி.இ. உண்டு, 1985இல் பிரிட்டிஷ் குடிமகனான பிறகுதான் 'சர்'. இன்னொரு வம்பும் இருக்கிறது: 'சர் ரத்தன் டாட்டா' என்றால் அது டாட்டா குழுமத்தை நிறுவிய ஜம்ஷெட்ஜியின் மகன், 1918இல் இறந்தவர். 'சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை'யின் பெயரில் இருப்பது அவர்தான்.

வடகரை: அதே வரிசையின் கீழ்ப்படிகளான ஓ.பி.இ., எம்.பி.இ. வாங்கியவர்களையும் 'சர்' ஆக்குவதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அந்த வரிசையில் ஐந்து படி. மேல் இரண்டுக்குத்தான் 'சர்', பெண்களுக்கு 'டேம்'. நைட் பேச்சலர் இந்த ஐந்திலும் சேராது, அதனால்தான் வெங்கி பெயருக்குப் பின்னால் கே.பி.இ. போடுவதும் பிழை. எப்படியும் அவரே பொதுவாக 'சர்' போட்டுக்கொள்வதில்லை. நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

பிழைதிருத்தி: வாழ்க்கைக் குறிப்பில் ஒருமுறை போதும். மற்ற இடமெல்லாம் வெறும் வெங்கி.

வடகரை: 'சர் இராமநாதன்' மட்டும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் அதை எடுத்தால் சண்டை வரும்.