தண்டல்னா யாரு? (ராயபுரம் குடும்ப குரூப்)

காயத்ரி: பெரியப்பா, பீரோவுல இருந்த பழைய கிரயப் பத்திரம் போட்டோ போட்டிருக்கேன். விக்டோரியா ராணி தலை போட்ட ஸ்டாம்பு பேப்பர். மூணாவது வரியில பூட்டனார் பேருக்கு முன்னாடி "தண்டல்"னு இருக்கு. வட்டிக்கு விட்டவரா?

எண்ணூர் அத்தை: ஐயோ வேணாம்டி. தண்டல்காரன் வந்து நின்னா மார்க்கெட்ல எத்தனை பொம்பளைங்க ஒளியுறாங்க தெரியுமா

பெரியப்பா: அந்தத் தண்டல் வேறம்மா. தண்டுறதுன்னா வசூல் பண்றது, அதுல வந்தது அது. இது கடல் தொழில் தண்டல். படகுக்கும் ஆளுங்களுக்கும் தலைவரு.

பெரியப்பா: அப்ப நம்மூர்ல ஹார்பரே கிடையாது. கப்பலெல்லாம் அலைக்கு அப்பால நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. பலகையோட பலகையைக் கயித்தால தைச்சிருப்பாங்க, ஒரு ஆணி கிடையாது. ஆணி அடிச்ச படகை அலை தூக்கிப் போட்டா பொளந்துக்கும், இது வளைஞ்சு குடுக்கும். பின்பக்கம் நின்னு நீளத் துடுப்பைப் புடிச்சுக்கிட்டு, எந்த அலையை விடணும், எது மேல ஏறணும்னு சத்தம் குடுக்குறவர்தான் தண்டல். அவர் கணக்கு தப்பினா மொத்தப் படகும் கவுந்துடும்.

காயத்ரி: 😮

மும்பை சித்தப்பா: இங்க கோளி மீனவங்க படகுத் தலைவரை தண்டேல்னுதான் சொல்றாங்கண்ணே. டாமன் பக்கம் அதுவே குடும்பப் பேரு.

பெரியப்பா: ஆமாம்பா, மேற்குக் கரை முழுக்க இருக்கு. வெள்ளைக்காரன் டிண்டல்னு எழுதிக்கிட்டான். அவங்க அகராதியில மலையாளத் தண்டலையும் தெலுங்கு தண்டேலுவையும்தான் மூலமா காட்டுவாங்க. பெரிய கப்பல்ல மாலுமிங்களுக்குத் தலைவரான செராங்குக்கு அடுத்த இடம் டிண்டலுக்கு. செராங்கு பாரசீகத்துலேருந்து வந்த சொல்லு. 1958 வணிகக் கப்பல் சட்டத்துலயே, பாய்க்கப்பலுக்குப் பொறுப்பானவர்தான் டிண்டல்னு விளக்கம் குடுத்திருந்தாங்க.

காயத்ரி: அப்ப காசிமேட்டுல ஏன் யாரும் சொல்றதில்ல?

பெரியப்பா: விசைப்படகுல டிரைவர்னு ஆயிடுச்சு. மசூலா வேலை அதுக்கு முன்னாடியே போச்சு. அப்புறம் அலையைத் தடுக்கக் கட்டுன ஹார்பர் சுவரை 1881 புயல் நொறுக்கிப் போட்டுது, ஆனா விடாம மறுபடி கட்டுனாங்க. கப்பல் சுவருக்குள்ள வந்துட்டா அலையைத் தாண்ட ஆள் எதுக்கு?

எண்ணூர் அத்தை: சரி, இனிமே புள்ளைங்ககிட்ட நம்ம பூட்டனாரு படகோட்டுனவருன்னு சொல்லுவேன். அதை லேமினேஷன் போட்டு வைடி

பெரியப்பா: லேமினேஷன் வேணவே வேணாம், பழைய பேப்பர் வீணாயிடும். மடிக்காம ஃபைல்ல வை. காயத்ரி, பின்பக்கத்தையும் வெளிச்சத்துல எடுத்துப் போடு. சாட்சி கையெழுத்துல வேற படகுக்காரங்க யாராவது இருக்காங்களான்னு பாக்கணும்.