பழைய டிவி கேமும் புது டிவியும்: உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க

தட்டுவடை (அஸ்தம்பட்டி):

முழுப் பரீட்சை லீவுக்கு அக்கா பையன் வந்திருந்தான். பரணில் ஏதோ தேடப் போனவன் என் பழைய டிவி கேமோடு இறங்கி வந்தான். 90களில் அப்பா வாங்கித் தந்தது. ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ டிவி கேமின் நகல் அது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நமக்கு எல்லாமே 'டிவி கேம்'தான். மஞ்சள் கேசட் ஐந்து, ரிமோட் இரண்டு, ஒரு துப்பாக்கி. "மாமா, இதைப் பெரிய டிவியில போட்டு உடுங்க" என்றான்.

எங்கள் டிவியில் ஹெச்டிஎம்ஐ மூன்று இருக்கிறது, ஆன்டெனா துளை ஒன்று இருக்கிறது, டிவி கேம் ஒயரின் மஞ்சள் சிவப்பு பின்னுக்கு மட்டும் இடம் இல்லை. சரி என்று ஆன்டெனா ஒயரைச் சொருகி அனலாக் சேனல் தேட விட்டேன். கிடைத்தது. ஆனால் மாரியோ ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குள் நடந்து போவதுபோல இருந்தான்.

மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், மஞ்சள் சிவப்பு பின்னை ஹெச்டிஎம்ஐ ஆக்க ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். சின்னப் பெட்டி, அதற்குத் தனியாக யுஎஸ்பி கரன்ட் வேறு. மாட்டினால் 'நோ சிக்னல்'. ஒயரை மாற்றி மாற்றிச் சொருகி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பையன்தான் பெட்டியின் முதுகைப் படித்தான்: 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி'. ஏவி என்பது அந்த மஞ்சள் சிவப்பு பின்தான். எனக்கு வேண்டியது நேர் எதிர். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. வாங்கும்போது எந்தப் பக்கம் 'இன்', எந்தப் பக்கம் 'அவுட்' என்று பார்த்துவிடுங்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார், தினம் நடப்பது போலிருக்கிறது.

படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் பள்ளத்திலேயே மாரியோ விழுந்தான். மறுபடியும் விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளம் அது! பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் எகிறுகிறான்.

விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. பழைய பெட்டி டிவி ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளை ஒரு தடவை என்று மாற்றி மாற்றி வரையும். டிவி கேமோ ஒவ்வொரு தடவையும் அதே 240 வரிகளையே வரையச் சொல்லும். புது டிவி அதைப் பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்குக் காத்திருந்து, இரண்டையும் சேர்த்துத் தைத்து, அப்புறம் பெரிதாக்கிக் காட்டும். நம் ஊர் டிவிக்களின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 50 படம், ஒன்றுக்கு 20 மில்லிசெகண்ட். மூன்று படம் பின்தங்கினாலே 60. மாரியோ செத்துப்போக அது போதும்.

டிவியின் பிக்சர் செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டதும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. கூடவே 16:9ஐ 4:3 ஆக்கினேன், மாரியோவின் தொப்பை குறைந்தது. துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. யாருக்காவது ஓடியிருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை:

என்னுடையது பிஎஸ் 2, அதாவது பிளேஸ்டேஷன் 2. ஹெச்டிஎம்ஐ ஆக்கும் குட்டி அடாப்டர் மாட்டினேன், கலரெல்லாம் தாறுமாறு, பச்சையாக நின்றது. பிஎஸ் 2 செட்டிங்கில் 'காம்போனென்ட் வீடியோ அவுட்' என்று ஒன்று இருக்கிறது. அது ஆர்ஜிபியில் இருந்தால் இப்படித்தான். ஒய் என்று தொடங்கும் இன்னொன்றுக்கு மாற்றணும். திரையே சரியாகத் தெரியாதபோது எப்படி மாற்றுவது? மஞ்சள் பின்னைப் பழைய டிவியில் சொருகி மாற்றிவிட்டு அடாப்டருக்கு வந்தேன்.

இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து யாராவது பழைய பெரிய பிஎஸ் 2 கொடுத்தால் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். அது 120 வோல்ட், நம்மூர் 230. என் சித்தப்பா பையன் சொருகினான். ஒரு 'டப்', அவ்வளவுதான்.

ஒண்டிக்கடை (ஏற்காடு):

உங்களுக்காவது டிவிதான் பிரச்சினை. இங்கே மலையில் ஈரம். இரண்டு மழைக்காலம் அலமாரியில் இருந்த கேசட்டின் செம்புப் பல்லெல்லாம் பச்சை பூத்துவிட்டது. டிவியில் வெறும் சாம்பல் திரை. நானும் டிவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததும் ஓடியது. எல்லாரும் வாயால் ஊதுவோமே, அதுதான் கெடுதல். எச்சில் ஈரம் உள்ளே போய் இன்னும் துருப்பிடிக்கும். ஊதினதால் ஓடவில்லை, கழற்றித் திரும்பச் சொருகினதால்தான் ஓடியது.

நாலு ரோடு:

டிவியில் ஹெட்ஃபோன் துளை மாதிரி ஒரு ஏவி துளை இருக்கா பாருங்க. அதுக்கான ஒயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனக்குப் படமே வரல. மஞ்சளைக் கழட்டிச் சிவப்புல போட்டேன், வந்துருச்சு.

தட்டுவடை (அஸ்தம்பட்டி):

துப்பாக்கிக்கு நானே பதில் கண்டுபிடித்துவிட்டேன், சந்தோஷப்படும் பதில் இல்லை. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி வெளிச்சம் எதையும் அனுப்புவதில்லை. அதற்குள் இருப்பது கண். அந்த வெள்ளை அந்த நேரத்தில் தெரிந்ததா என்று மட்டும் பார்க்கும். புது டிவியில் வெள்ளை வந்து சேரும்போது கேம் 'தவறிவிட்டது' என்று தீர்ப்பே சொல்லி முடித்திருக்கும். கேம் மோட், கன்வெர்ட்டர் எதுவும் இதற்கு உதவாது.

ஆகவே குகை பக்கம் ஒரு காயலாங்கடையில் 21 இஞ்ச் பெட்டி டிவி ஒன்றைப் பிடித்தேன். ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மஞ்சள் பின்னை டிவியின் முகத்திலேயே சொருகினேன், கன்வெர்ட்டரும் இல்லை ஒன்றும் இல்லை. பையன் முதல் சுற்றில் பத்து வாத்தில் ஏழை அடித்தான். ஒன்பதாவது வாத்துக்குக் குறி வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதை எங்கடா வைக்கப் போற? அரிசி மூட்டை வைக்கிற இடம் அது" என்றாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில்.