அட்டையில் முகமூடி, அச்சில் ரோஸ் நிறம்: எடிட்டர் கை பட்ட இதழ்கள் (அனுபவப் பகிர்வு)

பழைய தாள்:
அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் கறுப்பினப் பாத்திரங்கள் மேல் எடிட்டர் கை விழுந்த இடங்களை இங்கே தொகுக்கலாம். "நான் சின்ன வயசுல" கதைகள் வேண்டாம். எந்த இதழ், எந்த வருஷம், பக்கத்தில் என்ன தடயம் என்று மட்டும் எழுதுங்கள்.

சூப்பர் ஹீரோ கதை இல்லாவிட்டாலும் இசி நிறுவனத்தின் 'ஜட்ஜ்மென்ட் டே'யிலிருந்துதான் தொடங்க வேண்டும். அல் ஃபெல்ட்ஸ்டீன் எழுதி ஜோ ஆர்லாண்டோ வரைந்த ஏழே பக்கக் கதை. 1953-ல் 'வியர்ட் ஃபேன்டசி' 18-ல் வந்தது. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கி வைத்திருக்கும் கிரகத்தைச் சோதிக்க பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். கதை முழுக்க ஹெல்மெட்டோடு இருப்பவர், கடைசிப் பேனலில் அதைக் கழற்றும்போதுதான் கறுப்பர் என்று தெரியும். 1956-ல் 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' 33-ல் வேறொரு கதையை காமிக்ஸ் கோட் (பதிப்பாளர்களே அமைத்துக்கொண்ட தணிக்கை) நிராகரித்ததால், காலியான பக்கங்களுக்கு இதை மறுபதிப்பாகப் போட முடிவு செய்தார்கள். கோட் நிர்வாகி சார்ல்ஸ் மர்ஃபி, அவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அந்தப் பேனலை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. பிறகு, முகத்தில் மின்னும் வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்று இறங்கி வந்தார். பதிப்பாளர் கெய்ன்ஸ் விஷயத்தை வெளியே கொண்டுபோவேன் என்று மிரட்டி, துளி மாறாமல் அச்சிட்டார். இசி வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான்.

1954-ல் எழுதிய கோட் விதிகளில் கறுப்பு நாயகனுக்குத் தடை எதுவும் இல்லை. மாறாக, இனத்தைத் தாக்கக் கூடாது என்றுதான் இருந்தது. அதிகாரம் முத்திரையில் இருந்தது. அட்டையில் அந்த முத்திரை இல்லையென்றால் மொத்த வியாபாரி கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்.

லீஜன் வாசகர்:
முப்பதாம் நூற்றாண்டு சூப்பர் ஹீரோ அணியைப் பற்றிய டிசியின் லீஜன் தொடரில் ஒரே விஷயம் மூன்று முறை நடந்திருக்கிறது.

1966, 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 346. ஃபெர்ரோ லேட் என்ற நாயகனைக் கொண்டுவந்த எழுத்தாளர் ஜிம் ஷூட்டருக்கு அப்போது 14 வயது. இரும்பு முகமூடிக்குள் இருப்பவன் கறுப்பன் என்று காட்ட நினைத்தான். எடிட்டர் மார்ட் வைசிங்கர் மறுத்தார். தென் மாநிலங்களில் விற்பனை போய்விடும் என்ற கணக்கு. 1967-ல் 353-ஆம் இதழில் பாத்திரத்தையே கொன்றார்கள்.

1975, 'சூப்பர்பாய்' 207. மைக் க்ரெல் ஒரு போலீஸ் அதிகாரியைக் கறுப்பராக வரைந்தார். எடிட்டர் மர்ரே போல்டினாஃப் வேண்டாம் என்றார். அச்சில் அந்த முகம் ரோஸ் நிறத்தில் வந்தது, ஆனால் மூக்கையும் உதட்டையும் யாரும் திருத்தவில்லை. கோடு ஒன்று சொல்லும், நிறம் வேறொன்று சொல்லும். இப்படி ஒரு முகம் கண்ணில் பட்டால், வரைந்தவரின் பேட்டிகளைத் தேடிப் பார்ப்பது வீண் போகாது.

1976, 216-ஆம் இதழில் ஒருவழியாக டைராக் என்ற கறுப்பு நாயகன் வந்தான். முப்பதாம் நூற்றாண்டில் கறுப்பர்களை ஏன் இதுவரை காணோம் என்பதற்குக் கதை சொன்ன காரணம்: அவர்களெல்லாம் மார்சல் என்ற தீவில் தனியாக வாழ்கிறார்களாம்! இத்தனை வருஷம் இடம் கொடுக்காத அலுவலகத்தின் பழியை, தானே ஒதுங்கிப் போனார்கள் என்று அவர்கள் தலையிலேயே கட்டியாயிற்று. இது இனவெறிக் கருத்து என்று வரைந்த க்ரெல்லே பின்னால் திட்டியிருக்கிறார்.

நாலு கலர்:
ரோஸ் நிறம் பற்றிப் பேச்சு வந்ததால் அச்சுப் பக்கம் போவோம். அந்தக் காலத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றும் 0, 25, 50, 100 விழுக்காடு என்ற நான்கு அளவில் மட்டுமே கிடைக்கும். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறங்கள், கறுப்பு மை தனி. வெள்ளையர் தோலுக்கு 25 மஞ்சள், 25 சிவப்பு. ஒரு மைக்கு ஒரு அச்சுத் தட்டு (பிளேட்), இங்கே இரண்டே தட்டு என்பதால் பிசகு குறைவு. கறுப்பர் தோலுக்கு மூன்று தட்டும் வேண்டும், தொல்லையும் அங்கேதான். மூன்றையும் சம அளவில் கலந்தால் சாம்பல் பூத்த முகம் கிடைக்கும், அறுபதுகளின் மார்வெல் இதழ்களில் இது ஏராளம். நீலம் கொஞ்சம் தூக்கினால் ஊதா அடிக்கும். நியூஸ்பிரின்ட் மையைக் குடித்துப் புள்ளிகள் பெருத்தால் மை கொண்டு போட்ட மெல்லிய கோடுகள் நிறத்துக்குள் மூழ்கி, முகபாவமே போய்விடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அச்சைக் குற்றம் சொல்ல முடியாது. 1963-ல் 'சார்ஜென்ட் ஃப்யூரி' முதல் இதழில் கறுப்பினப் படைவீரர் கேப் ஜோன்ஸ் வெள்ளையராக வந்தார். தோல் நிறக் குறிப்பைப் பார்த்த பிளேட் ஆட்கள், தவறு என்று நினைத்துத் "திருத்திவிட்டார்கள்". பட்டாளத்தில் கறுப்பர் இருப்பார் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சரிபார்க்க நினைப்பவர்கள் பத்து மடங்கு உருப்பெருக்கியை மூல இதழில் அந்த முகத்தின் கன்னத்தில் வையுங்கள். நீலப் புள்ளி அறவே இல்லையென்றால் நிறக் குறிப்பிலேயோ பிளேட்டிலேயோ நீலத்தை விட்டிருக்கிறார்கள். நீலம் இருந்தும் சாம்பலாகத் தெரிந்தால் கலவைக் கோளாறு. புது மறுபதிப்புகளைச் சாட்சியாக எடுக்காதீர்கள், பலவற்றில் நிறம் புதிதாகப் போடப்பட்டது.

1993-ல் ட்வைன் மெக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் தொடங்கிய மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனம் முதலில் கவனித்த விஷயங்களில் ஒன்று இது. 'மைல்ஸ்டோன் 100' என்று தனி நிறத்தொகுப்பே வைத்துக்கொண்டார்கள். ஒரே பேனலில் நான்கு கறுப்பர் நின்றால் நான்கு தோல் நிறம். அச்சும் விநியோகமும் டிசி, காப்புரிமை மைல்ஸ்டோனிடம்.

வக்காண்டா பக்கம்:
'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52, 1966 ஜூலை. பிளாக் பேந்தரின் முதல் வரவு. ஜாக் கிர்பி முதலில் வரைந்து, பயன்படாமல் போன அட்டை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் பாதி முகமூடிதான், பழுப்புத் தோல் தெரிகிறது. வெளிவந்த அட்டையில் முகம் முழுக்க மூடல். உள்ளே முகமூடியைக் கழற்றுகிறார், அதற்குத் தடை இல்லை. கடைக்காரர் பார்ப்பது அட்டையை மட்டும்தானே!

1973 முதல் 1976 வரை 'ஜங்கிள் ஆக்‌ஷன்' 6 தொடங்கி 24 வரை பேந்தர் கதையை டான் மெக்ரெகர் எழுதினார், பெரும்பகுதியை வரைந்தவர் பில்லி கிரகாம் என்ற கறுப்பினக் கலைஞர். கதை பேந்தரின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வக்காண்டாவுக்குள் நடப்பதால் பாத்திரங்கள் கறுப்பர்கள். வெள்ளையர் எங்கே என்று அலுவலகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று மெக்ரெகர் சொல்லியிருக்கிறார். அவர் வெள்ளையரைக் கொண்டுவந்தார்: கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை! (கெவின் ட்ரூப்ளட் என்ற நிருபரும் வந்தார், நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்.) அந்தக் கதை முடியும் முன்பே இதழ் நின்றது.

1998-ல் 'பிளாக் பேந்தர்' தொடரை எழுத வந்த கிறிஸ்டஃபர் பிரீஸ்ட் அதே கேள்வியை முன்கூட்டியே சமாளித்தார். எவரெட் ராஸ் என்ற வெள்ளை அதிகாரியைக் கதைசொல்லியாக வைத்தார். வாசகன் கேட்கப்போகும் அசட்டுக் கேள்விகளையெல்லாம் ராஸ் கேட்பான், அடியும் படுவான். 62 இதழ் ஓடியது.

(முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக் படித்தவர்களுக்கு அவனுடைய கறுப்பினத் துணைவர் லொதாரைத் தெரியும். 1934-ல் சிறுத்தைத் தோலும் கொச்சை ஆங்கிலமுமாக வந்தவர், 1965-ல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் வரையத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்காகப் பேசினார்.)

அவெஞ்சர்ஸ் 279:
எனக்கு இவை எல்லாவற்றையும்விட மோசமாகப் படுவது மோனிகா ராம்போ விவகாரம். 1982-ல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' ஆண்டு மலர் 16-ல் கேப்டன் மார்வெல் என்ற பெயரில் வந்தார். ரோஜர் ஸ்டெர்ன் அவரைப் படிப்படியாக வளர்த்து 1987-ல் 'அவெஞ்சர்ஸ்' 279-ஆம் இதழில் அணித் தலைவியாக்கினார். கேப்டன் அமெரிக்காவை மறுபடி தலைவராக்க எடிட்டர் மார்க் க்ரூன்வால்ட் விரும்பினார். ஸ்டெர்ன் சொல்வதன்படி பதவி மாற்றத்தில் அவருக்குப் பிணக்கு இல்லை. மோனிகாவைத் திறமையற்றவராகக் காட்டி இறக்கச் சொன்னதுதான் தகராறு. இது இனவெறியாகவும் பெண்வெறுப்பாகவும் படிக்கப்படும் என்று எதிர்த்தார், வேலை போனது.

சில இதழ்கள் கழித்து, 1988-ல் 293-ஐப் பாருங்கள். மோனிகா மின்சாரமாக மாறிக் கடல்நீரைத் தொட, உடல் கடலெங்கும் சிதறி, திரும்பும்போது சக்தியிழந்து எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். எழுத்தாளர் பெயர் மாறிய இதழையும் பாத்திரம் விழுந்த இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல வழக்கம். பிறகு 1996-ல் பெயரையும் வாங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

மைக்கறை:
ஒரு எச்சரிக்கை. நின்றுபோன இதழெல்லாம் நிறத்தால் நின்றதில்லை. 1977-ல் தொடங்கிய 'பிளாக் லைட்னிங்' 11 இதழோடு போனது, 1978-ல் டிசி ஒரேயடியாகத் தலைப்புகளை வெட்டியபோது. வெள்ளை நாயகர்களின் இதழ்களும் சேர்ந்தே போயின.

ஆனால் அந்த இதழ் பிறந்த கதை வேறு. டிசி முதலில் தயாராக வைத்திருந்தது 'பிளாக் பாம்பர்': கறுப்பரை வெறுக்கும் வெள்ளையன், பதற்றம் வந்தால் கறுப்பு சூப்பர் ஹீரோவாக மாறுவான். இரண்டு இதழுக்கு ஸ்கிரிப்டும் எழுதியாயிற்று. டோனி இசபெல்லா அதைத் தூக்கி எறியச் சொல்லி, பள்ளி ஆசிரியர் ஜெஃபர்சன் பியர்ஸைக் கொடுத்தார், அவர்தான் பிளாக் லைட்னிங். அப்படியும் முகமூடியோடு ஒட்டிய ஆஃப்ரோ விக் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

அதே 1978 வெட்டில் 'விக்சன்' முதல் இதழும் மாட்டியது. வந்திருந்தால் கறுப்பினப் பெண்ணை நாயகியாகக் கொண்ட டிசியின் முதல் இதழ். காப்புரிமைக்காக 35 பிரதி மட்டும் ஜெராக்ஸ் எடுத்த 'கேன்சல்டு காமிக் கேவல்கேட்' தொகுப்பில் அது இருக்கிறது. வாசகர்கள் விக்சனைப் பார்க்க 1981-ன் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 521 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் சூப்பர்மேன் கதையில் விருந்தாளியாக.