குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவங்க மொழி கேட்டப்ப உங்க வீட்ல என்ன நடந்திச்சி?

மஸ்கெலியா பொடியன்:
2024 கடைசியில டெப்லெட் ஒண்ண தூக்கிக்கிட்டு எங்க தேயிலத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமா வந்தாங்களே, அதுதான். வந்த மிஸ் சிங்களம், எங்கம்மா சிங்களத்துலயே பதில் சொல்லிக்கிட்டு இருந்திச்சி. மூணு மொழியும் பேச ஏலுமா, எழுத வாசிக்க ஏலுமான்னு கேட்டுக்கிட்டே வந்து அப்பாயி முறைக்கு மிஸ் நிமிந்துகூட பாக்கல, இங்கிலீஸ் இல்லதானேன்னு தட்டப் போச்சி. அடுப்படியில இருந்து அப்பாயி "ஐ கேன் ஸ்பீக் மேடம், டீ ஓ காபி?"ன்னிச்சி. 1975ல தோட்டத்த அரசாங்கம் எடுக்குற வரைக்கும் வெள்ளக்கார தொர பங்களா குசினியில நின்ன ஆளு, ஆனா கையெழுத்துக்கு பெருவிரல்தான். மிஸ் விரல் அப்பிடியே டெப்புக்கு மேல நின்னிச்சி, பொறகு சிரிச்சிக்கிட்டே எதையோ தட்டிச்சி. எதத் தட்டிச்சின்னு எட்டிப் பாத்திருக்கலாம்.

பண்டாரவளை ரெண்டுங்கெட்டான்:
எங்கப்பா தமிழ், அம்மா சிங்களம். ஸ்கூல் ஃபோம்ல வீட்டு மொழிக்கு ஒரே ஒரு கோடு. அப்பா தமிழ்னு எழுதினாரு, அம்மா பேனாவ புடுங்கி பக்கத்துலயே சிங்களம்னு எழுதிச்சி. கிளாக் ஒண்ண வெட்டிட்டாரு, எதன்னு சொல்லணுமா?

கொழும்புல ஒருத்தன்:
டீயா காபியான்னு கேக்கத் தெரிஞ்சா அது இங்கிலீஸ் ஆயிடுமா தம்பி? அது பங்களா பேச்சு. நான் ஓஎல் சோதனையில இங்கிலீஸ் பாஸ், கொழும்புல இன்டர்வியூவுல உங்களப் பத்தி சொல்லுங்கன்னதும் பாடமாக்கின கட்டுரைதான் வாயில வந்திச்சி, "மை வில்லேஜ்". அதனால சொல்றேன், வீட்ல ராத்திரி சாப்பாட்டு நேரம் இங்கிலீஸ் மட்டும் பேசுங்க, தப்பா வந்தாலும் பரவால்ல, கல்வி வெளியீட்டுத் திணைக்கள சைட்ல பாடப்புத்தகம் சும்மா கெடக்கு, ஆறாம் ஆண்டுல இருந்து எறக்கி சத்தம் போட்டு வாசிங்க, டியூசனுக்கு காசக் கொட்டாதீங்க, கிரிக்கெட் கொமென்ட்ரிய இங்கிலீஸ்ல போடுங்க, பிள்ளைகளுக்கு கடையில போர்டு வாசிக்கப் பழக்குங்க, வெக்கத்த விட்டாலே பாதி வந்துரும், மிச்சம் கிராமர், அதுக்கு

மஸ்கெலியா பொடியன்:
அண்ணே அட்வைஸ் கேட்டனா? உங்க இன்டர்வியூவுக்கு எங்க அப்பாயி போயிருந்தா வேல கெடச்சிருக்கும். பேச ஏலுமா, எழுத ஏலுமான்னு 2012 குடிசன மதிப்பீட்டுலயும் தனித்தனியாத்தான் கேட்டாங்க, சும்மாவா?

நோர்வூட் அக்கா:
சண்டைய விடுங்க. ராத்திரி சாப்பாட்டு நேரம் இங்கிலீஸாம், அம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து கால் நீட்டவே நேரமில்ல. எங்க தோட்டப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஸுக்கு ஆளே இல்ல, கணக்கு சேர்தான் வந்து புத்தகத்தப் பாத்து எழுத வைப்பாரு. சட்டத்துல 1987ல இருந்து தமிழும் அரச கரும மொழி, இங்கிலீஸ் இணைப்பு மொழி. நுவரெலியா மாவட்டத்துல பாதிக்கு மேல நம்ம ஆளுகதான். ஆனா பொறப்புச் சான்றிதழ் எடுக்க அம்மாவோட ஒரு ஆபிஸுக்குப் போனேன், தமிழ் தெரிஞ்சவரு லீவாம், நாளைக்கு வாங்கன்னாங்க. பின்னால நின்ன பொம்பள "எக்ஸ்கியூஸ் மீ"ன்னிச்சி, அவ்ளோதான், உள்ள கூப்பிட்டு கதிர போட்டாங்க. அந்தப் பொம்பளயும் தமிழ்தான், வெளிய வந்து எங்கம்மாகிட்ட பஸ் எத்தன மணிக்குன்னு தமிழ்லதான் கேட்டிச்சி. அம்மா பஸ் நேரத்த சொல்லவே இல்லயே.