தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயில் தேர் – மேல், கீழ் டிவிசன் வாட்ஸ்அப் குழு

யோகன் தலைவர்: எல்லோருக்கும் வணக்கம். தேர்க் கணக்கு எக்செல் என் போனில் இப்போது ஐந்து இருக்கிறது. "தேர் இறுதி", "தேர் இறுதி 2", "டீச்சர் திருத்தியது"... ஒன்றில் மொத்தம் 246,000. இன்னொன்றில் 231,500. ஹட்டன் பந்தல்காரர் முற்பணம் கேட்டு மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். எதைப் பார்த்துக் கொடுப்பது?

கந்தசாமி மாமா: என் கொப்பி சரி

சுகந்தி டீச்சர்: எந்தக் கொப்பி மாமா? மூன்று அனுப்பியிருக்கிறீர்கள்

ரவி (கொழும்பு): இதைத்தான் அன்றைக்கே சொன்னேன். எக்செலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆளுக்கொரு பிரதி ஆகிவிடும், ஒருவர் திருத்தியது மற்றவருக்குத் தெரியாது. நேற்று மாலை எல்லாவற்றையும் சேர்த்து கூகுள் ஷீட்டில் போட்டு லிங்க் அனுப்பினேன். அது ஒரே தாள். எல்லோரும் அதையேதான் திறக்கிறோம். 100 பேர் வரை ஒரே நேரத்தில் எழுதலாம். அத்தை நிற்கும் கட்டத்தைச் சுற்றி ஒரு நிறம் வரும், தலைவர் நிற்கும் கட்டத்துக்கு வேறு நிறம். சேவ் பண்ணத் தேவையில்லை, தானாகவே சேமிக்கும். ஒரே கட்டத்தில் மட்டும் இரண்டு பேர் எழுதாதீர்கள், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். போனில் எழுதுபவர்கள் ஷீட்ஸ் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்...

கணேஷ் (கட்டார்): சுருக்குடா

யோகன் தலைவர்: சரி தம்பி

செல்லம்மா அத்தை: 🙏

கந்தசாமி மாமா: வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலை ஐந்து பேர் சேர்ந்து எழுதினால் யாருக்கு முழுநாள் பேர் விழும், யாருக்கு அரைப்பேர் விழும்?

ரவி (கொழும்பு): இது புதிதில்லை மாமா, 2006இலிருந்து இருக்கிறது

கந்தசாமி மாமா: 2006இல் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்டே வரவில்லை

செல்லம்மா அத்தை: திறந்துவிட்டேன். மேலே ஒரு சிறுத்தை நிற்கிறது

முத்துலட்சுமி: ஐயோ எங்கே? 7ஆம் நம்பர் மலையிலா?

முத்துலட்சுமி: நாளைக்கு அங்கேதானே கொழுந்து பறிக்கப் போகிறோம்!

யோகன் தலைவர்: யார் கண்டது?

ரவி (கொழும்பு): ஷீட்டில்! ஷீட்டில்! லொகின் பண்ணாமல் லிங்க் வழியாக வருகிறவருக்குப் பெயர் தெரியாததால் கூகுள் ஒரு விலங்கைப் போட்டுவிடும். சிறுத்தை, ஒட்டகம், வொம்பாட் என்று ஏதாவது வரும்

முத்துலட்சுமி: போன வாரம் நாயைத் தூக்கியது உண்மைதானே. தலைவர், தோட்டத்துத் துரையிடம் சொன்னீர்களா?

யோகன் தலைவர்: சொன்னேன். பட்டாசு தருகிறாராம்

முத்துலட்சுமி: பட்டாசா??

கந்தசாமி மாமா: எங்கள் டிவிசனில் 26 குடும்பம் காசு கொடுத்தது. இந்தத் தாளில் ஒரு பேர்கூட இல்லை. 14க்குப் பிறகு நேரே 41 வருகிறது. கரகம் எடுத்த வருடம் நோட்டீசிலும் இப்படித்தான் மேல் டிவிசனை விட்டீர்கள்

செல்லம்மா அத்தை: இன்னுமா அண்ணன் அதையே பேசுகிறீர்கள்?

கந்தசாமி மாமா: நோட்டீஸ் இன்னும் பெட்டியில் இருக்கிறது

ரவி (கொழும்பு): மாமா, யாரும் அழிக்கவில்லை. எண் குதிக்கிறது என்றால் நடுவில் உள்ள நிரைகள் மறைந்திருக்கின்றன. யாரோ ஃபில்டர் போட்டிருக்கிறார்கள்

சுகந்தி டீச்சர்: நான்தான். கீழ் டிவிசனை மட்டும் சரிபார்க்கப் போட்டேன். எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியும் என்று நினைத்தேன்

ரவி (கொழும்பு): சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லோருக்கும் மறையும் டீச்சர். தனக்கு மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டர் வியூ என்று வேறொன்று இருக்கிறது. இப்போது எடுத்துவிட்டேன், பாருங்கள்

கந்தசாமி மாமா: வந்துவிட்டது. ஆனால் என் பேருக்கு நேரே 500. நான் கொடுத்தது 5,000. பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது

யோகன் தலைவர்: யார் மாற்றியது?

ரவி (கொழும்பு): எப்போது என்ன மாறியது என்று காட்டும் வேர்ஷன் ஹிஸ்டரியைக் கணினியில் பார்த்தேன். நேற்றிரவு 9.12க்கு 5,000தான். 9.40க்கு 500 ஆகியிருக்கிறது. மாற்றியவர் லொகின் பண்ணவில்லை, அதனால் பெயர் இல்லை. முழுத் தாளையும் 9.12க்குத் திருப்பலாம். ஆனால் அதற்குப் பிறகு டீச்சர் ஏற்றிய பதினொரு பேரும் போய்விடும். அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் கையால் திருத்தினேன். இனி லிங்க்கில் வருபவர்கள் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றுகிறேன். எழுத வேண்டியவர்கள் ஜிமெயில் தாருங்கள். தொகை நிரலைத் தலைவரும் டீச்சரும் மட்டும் தொடுகிற மாதிரிப் பூட்டிவிடலாம்

கந்தசாமி மாமா: இரண்டு பேரும் கீழ் டிவிசன்

செல்லம்மா அத்தை: என் ஜிமெயில் மகனுக்குத்தான் தெரியும். அவன் டியூட்டியில்

முத்துலட்சுமி: பேஸ்புக் இருந்தால் போதாதா

யோகன் தலைவர்: மேல் டிவிசனுக்கு யார் என்று ஞாயிறு கோயிலில் பேசுவோம். பந்தலுக்கு 20,000 இப்போதைக்கு என் கையிலிருந்து கொடுக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்

சுகந்தி டீச்சர்: எந்த நிரலில்?

யோகன் தலைவர்: ரவி சொல்வான்

முத்துலட்சுமி: நாளைக்கு 7ஆம் நம்பருக்குப் போகவா வேண்டாமா, அதை யாராவது சொல்லுங்கள்

செல்லம்மா அத்தை: ரவி, அந்தச் சிறுத்தை போய்விட்டதா?

ரவி (கொழும்பு): போய்விட்டது அத்தை. இப்போது ஒட்டகம்

கணேஷ் (கட்டார்): அது நான்தான். லொகின் பண்ணவில்லை

கணேஷ் (கட்டார்): நேற்றிரவும் வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் திறந்து பார்த்தேன். ஒரு சைபரில் கை பட்டிருக்குமோ மாமா?

கந்தசாமி மாமா: உன் அப்பனும் இப்படித்தான்