பல அணிகளின் பொது இலக்கு: ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு எதுவரை?

குழுவினருக்கு வணக்கம். மட்டக்களப்பில் நான்கு மென்பொருள் அணிகளாக வேலை செய்கிறோம். பைத்தன் நிரல்மொழியின் 3.9 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டதால், எல்லா அணிகளும் புதிய பதிப்புக்கு மாறுவதைப் பொது இலக்காக்கி, அதன் ஒருங்கிணைப்பாளராக என்னை நியமித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்பின் எல்லையை எவரும் எழுதித் தரவில்லை. ஓர் அணி நானே நிரலைத் திருத்தித் தருவேன் என்று காத்திருக்கிறது, இன்னோர் அணி நான் முன்னேற்றத்தைக் கேட்பதையே தலையீடாக எடுத்துக்கொள்கிறது. ஓபன்ஸ்டாக் என்னும் திறந்த மூல மேகக் கணிமை மென்பொருள் திட்டத்தில் இத்தகைய இலக்குகளை முன்னெடுப்பவர் அணிகளோடு தொடர்பிலிருந்து முன்னேற்றத்தைக் கண்காணிப்பவரே அன்றி, வேலை முழுவதையும் தாமே சுமப்பவர் அல்லர்; அதுவே நியாயம் என்று எனக்கும் படுகிறது. காலக்கெடு தவறும்போது முடிவெடுக்க வேண்டியவர் ஒருங்கிணைப்பாளரா, அணித் தலைவரா? இப்பணியில் அனுபவமுள்ளவர்கள், உங்கள் இடத்தில் இந்த எல்லையை எவ்வாறு வகுத்தீர்கள் என்று கூறினால் பேருதவியாக இருக்கும்.